காபுரேற்றரும் கல்வியும்

யூபிலி மலரிலே தமிழாசிரியர் ஒருவர் எழுதுகின்றார் என்றால், புலவர் ஒருவரின் பாத்திறனையோ தலமொன்றன் வரலாற்றையோ எழுதுவார் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். யாம் எழுதப் புகுந்ததோ காபுரேற்றரைப் பற்றி. நீரிறைக்கும் இயந்திரத்திலும், பழைய மோட்டார்ச் சைக்கிளிலும், குளிர்நாடுகளிற் பனி அகற்றும் இயந்திரத்திலும் எஞ்சினோடு ஒட்டி இருப்பதாகிய ஒரு சிறு உலோக உறுப்பு அது. உள்ளங்கையில் அடங்கும். அதனைத் தன் வீட்டு முற்றத்திலே தானே கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரியாத ஒருவனை முழுதும் கற்றவன் என்று கூற எமக்கு நா எழவில்லை. இக்கருத்துச் சிலருக்குக் கசக்கும் என்பதை அறிந்தே எழுதுகின்றோம்.

எம் பழைய மாணவர் பலர் இன்று கனடா நாட்டிலே, சிறப்பாக ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுக் களஞ்சிய அறைகளிலே பனி அகற்றும் இயந்திரம் ஒன்று நிற்றல் இயல்பு. நாம் மார்கழி விடியலிற் புல் நுனியிற் காணும் பனி வேறு. அங்கே இரவோடிரவாக முழங்கால் அளவு வந்து வாயிலை அடைக்கும் வெண்பனி வேறு. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லை வழங்குவதால், இங்குள்ளோர் அதன் பாரத்தை உணர்வதில்லை. ஈரம் ஏறிய வெண்பனியை மண்வெட்டியால் அள்ளி எறிதல் கடுமையான உழைப்பு. குளிரோடு கூடிய அத்தகைய திடீர் உழைப்பு நெஞ்சு நோயுடையாருக்கு ஆபத்து என்பது மருத்துவர் கூற்று. ஆதலால் வயது சென்றோர் வாழும் வீட்டுக்கு அவ்வியந்திரம் ஆடம்பரமன்று. பனியைச் சுழற்றி எறியும் இயந்திரத்தை 1925 இல் ஆக்கியவர் கியூபெக் மாகாணத்து ஆதர் சிக்கார் என்பவர்; 1927 இல் மொன்றியலை அடுத்த ஊற்றமொன் நகரசபை அதனை முதன்முதல் வாங்கிற்று. இன்று வீடுகளில் உள்ளவை அதன் சிறிய வழித்தோன்றல்கள்.

சென்ற மாரியிலே, எம்மிடம் தமிழ் கற்ற ஒருவர் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியிற் பேசினார். ஊர்க்கதை முடிந்த பின்பு, "சேர், சினோ மிசின் சோக் போட்டால் ஓடுது, சோக்கை எடுத்தால் நிண்டுபோகுது. கடைக்குக் கொண்டுபோனால் மூண்டு கிழமை செல்லுமாம்" என்றார். "தம்பி, போன வருசத்துப் பெற்றோலோ உள்ளுக்குக் கிடக்குது?" என்று வினவினோம். ஆம் என்றார். "அப்ப காபுரேற்றரைக் கழட்டும்" என்றோம். சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. பின்பு, "சேருக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

அவர் வியந்ததே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. எமக்கு வெங்காயத் தோட்டம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. அதுவும் ஒற்றை உருளை எஞ்சின். அவருடைய பனி இயந்திரமும் ஒற்றை உருளை எஞ்சின். ஒன்று வெயிலிலே நீரைத் தள்ளுகிறது. மற்றது குளிரிலே பனியைத் தள்ளுகிறது. ஒன்று ஐப்பசி கார்த்திகை மழையில் உறங்கும். மற்றது கோடை முழுதும் உறங்கும். உறங்கி எழும்போது இரண்டுக்கும் வரும் நோய் ஒன்றே. வெங்காயம் விற்பவரும் எஞ்சினியரும் ஒரே நோயைத்தான் எதிர்கொள்கின்றனர். ஆனால் வெங்காயம் விற்பவர் அதனைத் தாமே தீர்த்துக்கொள்கிறார்.

காபுரேற்றர் செய்யும் தொழில் யாதெனின், பெற்றோலைக் காற்றோடு உரிய அளவிற் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுதல். நிறையாற் கூறின் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் இழுக்கும் காற்றுக் காபுரேற்றரின் நடுவே ஒடுங்கிய ஒரு மிடற்றின் வழியே செல்கிறது. ஒடுங்கிய இடத்திற் காற்று விரையும்; விரையும் இடத்தில் அமுக்கம் குறையும். பேணூலி என்னும் அறிஞர் 1738 இல் தம் நூலிற் கூறிய உண்மை இது. குறைந்த அமுக்கம், கீழே கிண்ணத்தில் உள்ள பெற்றோலை நுண்ணிய துளை வழியே மேலே இழுத்துத் தூவுகிறது. இவ்வாறு தூவும் அமைப்பை 1893 இல் ஹங்கேரி நாட்டவரான பாங்கி, சோங்கா என்னும் இருவர் பதிவு செய்தனர். அதே ஆண்டிலே ஜேர்மனியில் மேபாக் என்பவரும் செய்தார். கிண்ணத்திலே பெற்றோலின் மட்டம் மாறாதிருக்க ஒரு மிதவை உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலே நீர் நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை அடைப்பது போல, இங்கும் மிதவை எழுந்து ஒரு சிறிய ஊசியால் வழியை அடைக்கும்.

எமது உயர்தர வகுப்பு மாணவர் பேணூலியின் தத்துவத்தை மனனம் செய்து எழுதிச் சிறந்த பெறுபேறு பெறுகின்றனர். அதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அத்தத்துவம் தங்கள் வீட்டுக் கிணற்றடியிலே புகை கக்கிக்கொண்டு நிற்பதை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர்?

நோயின் காரணத்தைக் கூறுவாம். பெற்றோல் நெடுநாட் கிடந்தால், அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசின் போலாகும். காபுரேற்றர்க் கிண்ணத்தில் இருப்பதோ மிகச் சிறிதளவு. அது சில மாதங்களில் வற்றிப் பழுப்பு நிற மெழுகாய்ப் படிந்துவிடும். கனடாவிலே இன்னுமொரு தொல்லை உண்டு. அங்கு விற்கப்படும் பெற்றோலிற் பெரும்பாலும் எதனோல் கலந்திருக்கும். ஒன்ராறியோ மாகாணத்திலே சராசரியாக 10 வீதமாவது கலத்தல் வேண்டும் என்று 2020 இல் விதிக்கப்பட்டிருந்தது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் எதனோலும் பிரிந்து கிண்ணத்தின் அடியிற் சென்று தங்கும், உலோகத்தை அரிக்கும். எமது மண்ணெண்ணெய் இயந்திரங்களிலே செம்மண் தூசும், பீப்பாவின் துருவும், கலப்பட நீரும் அவ்வேலையைச் செய்கின்றன. எங்ஙனமாயினும் அடைபடுவது ஒரே இடம். ஜெற் எனப்படும் பித்தளைத் துளை ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த அகலமுடையது. அதில் ஒரு தூசி போதும்.

அடைப்பின் அறிகுறியையும் அறிதல் வேண்டும். சோக் என்பது காற்றுவழியை ஓரளவு மூடுவது. சோக் மூடியிருக்கும்போது மட்டும் எஞ்சின் ஓடுமாயின், பெற்றோல் போதாது வருகின்றது என்பது பொருள். காற்றைக் குறைத்தால்தான் கலவை ஒருவாறு சரியாகின்றது. எஞ்சின் ஒரு கணம் சீறியும் ஒரு கணம் தணிந்தும் மாறி மாறி ஓடுமாயினும் பெரும்பாலும் அதுவே காரணம். நாடி பார்த்து நோய் கூறிய எங்கள் பரியாரிமார் போல, காதாற் கேட்டே இதனைக் கூறிவிடலாம். உறுப்புகள் எல்லாவற்றையும் மாற்றிப் பணத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியிற் காபுரேற்றருக்கு வருவாரும் உளர்.

இனித் துடைக்கும் முறை. வீட்டினுள்ளே செய்யற்க, வாயில் திறந்த வெளியிலே, எஞ்சின் ஆறிய பின்பு செய்க. பெற்றோலின் ஆவி நிலத்தோடு தவழ்ந்து நெடுந்தூரம் சென்று தீயைத் தேடும். சாமியறை விளக்கும் சுருட்டும் குளிர்நாட்டு வீடுகளில் உள்ள வெந்நீர் அடுப்பும் அதற்கு ஒன்றே. முதலிற் பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்குக. பனி இயந்திரத்தின் பற்களிடையே கைவிட்டு விரலிழந்தார் உளர். எஞ்சின் நின்ற பின்பும் சிக்குண்ட பற்கள் திடீரெனச் சுழலக்கூடும். கம்பியைக் கழற்றாமல் எவ்வேலையையும் தொடங்கலாகாது.

எண்ணெய்க் குழாயை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள ஒற்றை நட்டை ஸ்பனரால் இளக்கி, வழிவதை வெள்ளைப் போத்தலில் ஏந்துக. அதனை உடனே கொட்டிவிடாது வெளிச்சத்தில் வைத்து உற்றுநோக்குக. அடியில் முத்து முத்தாகத் திரள்வது நீர். செந்தூளாக இருப்பது துரு. பழைய பூச்சு எண்ணெயின் நாற்றம் வீசுமாயின் பெற்றோல் கெட்டுவிட்டது. நோய்க்குக் காரணம் அப்போத்தலில் எழுதப்பட்டிருக்கும்; அதனைப் படியாமற் கொட்டுவோர் அடுத்த ஆண்டும் அதே வேலையைச் செய்வர்.

கிண்ணத்தைக் கழற்றும்போது அதன் விளிம்பிலுள்ள இறப்பர் வளையம் கிழியாமற் பார்த்துக்கொள்க. மிதவையைத் தாங்கும் சிறு ஊசியாணியை ஒரு பக்கமாகத் தள்ளினால் மிதவையும் அதனோடு தொங்கும் அடைப்பூசியும் இறங்கும். இவை எங்ஙனம் இருந்தன என்பதைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தல் நன்று; எம் தந்தையார் காலத்தவர் ஒரு துணியை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே நிரையாக அடுக்கி வைப்பர். அத்துணியின் ஒழுங்கே சிறந்தது என்பது எம் எண்ணம். படம் உறுப்பு உருண்டு புல்லுக்குள் விழுவதைத் தடுக்காது.

நடுத்தூணின் உள்ளே இருப்பது ஜெற். அதன் தலைக்கு முற்றும் பொருந்துகின்ற திருப்புளியாலேயே அதனைத் திருகுக. பொருந்தாத திருப்புளி பித்தளையின் தலையைத் தின்றுவிடும். பின்பு அதனை எடுக்க ஒருவராலும் ஆகாது. ஜெற்றின் மேலே பக்கத் துளைகளோடு கூடிய ஒரு மெல்லிய குழலும் உண்டு. சில காபுரேற்றர்களில் அது தானே வழுவி விழும். சிலவற்றில் மெல்லத் தட்டவேண்டும். ஜெற்றை வானத்துக்கு நேரே பிடித்து நோக்கினால் வட்டமான ஒளிப்புள்ளி ஒன்று தெரிதல் வேண்டும். தெரியாவிடின் அல்லது கோணலாகத் தெரிந்தால் அடைப்பு உண்டு.

இங்கேதான் பொறுமை இல்லாதவர் கெடுகின்றனர். உருக்கு ஊசியையோ ஆணியையோ உட்செலுத்திக் குடைகின்றனர். பித்தளை மெதுமையானது. துளை சிறிது அகன்றாலும் கலவையின் அளவு மாறிவிடும். அன்று தொடக்கம் அவ்வெஞ்சின் கரும்புகை கக்கிப் பெற்றோலைக் குடிக்கும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையோ, தூரிகையின் நைலோன் மயிரோ போதும். காபுரேற்றர் துடைக்கும் திரவத்தை விசிறி ஊறவிட்டு, சைக்கிட் பம்பினாற் காற்றடித்தாற் பெரும்பாலான அழுக்குத் தானே வெளியேறும். விசிறும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிக. துளை ஒன்றில் விசிறுவது எதிர்பாராத வேறொன்றின் வழியே முகத்திற் பாயும். மெதுவாக ஓடுதற்கென உள்ள சிறிய துளையையும் மறத்தலாகாது. பிரதான ஜெற்றை மட்டும் துடைத்துவிட்டு இயந்திரம் இன்னும் சீறுகிறதே என்று வருந்துவோர் பலர்.

யாவும் துடைத்த பின்பு கழற்றிய முறைக்கு மறுதலையாகப் பூட்டுக. அடி நட்டை இறுக்கக் கைவலி வேண்டியதில்லை, அளவோடு நிறுத்துக. எண்ணெய்க் குழாயைத் திறந்து சில நிமிடம் பொறுத்துப் பார்த்து, ஒழுகாவிடின் பிளக்கின் கம்பியை மாட்டி இயக்குக. ஒழுகினால் அடைப்பூசி சரியாகப் பொருந்தவில்லை. மூடிய அறையில் ஓட்டிப் பார்த்தல் கூடவே கூடாது. மணமும் நிறமும் அற்ற நச்சுப்புகையால் மாண்டோர் உண்டு. பருவ முடிவிலே எண்ணெய்க் குழாயை அடைத்து, எஞ்சின் தானே அடங்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தை வெறுமையாக்கினால், மறு பருவத்தில் இவ்வளவும் செய்யவேண்டியது பெரும்பாலும் நேராது.

வடித்த பழைய பெற்றோலை என்ன செய்வது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கனடாவிலே நகரசபைகள் அதனை ஏற்கும் இடங்களை வைத்திருக்கின்றன. எமது குடாநாட்டிலே வேலியோரம் ஊற்றுவதே வழக்கம். எம் காலடியில் இருப்பதோ சுண்ணக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு இறங்கும். ஆறில்லாத நாட்டிலே கிணற்றை விட்டால் எமக்கு நீர் வேறில்லை. சுன்னாகத்து மின் நிலையத்தின் அயலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. பேரளவிற் செய்தோரைக் கண்டித்த நாம் பேணியளவிற் செய்யலாமா? மூடியுள்ள போத்தலிற் சேர்த்து, அத்தகைய எண்ணெயை ஏற்கும் கராச்சுக்குக் கொடுத்தல் ஒன்றும் கடினமன்று.

புதிய காபுரேற்றரை வாங்கி மாட்டினால் என்ன, விலையும் மலிவுதானே என்பார் உளர். உண்மையே. கனடாவில் மெக்கானிக்கின் கூலியினும் புதிய உறுப்புச் சில வேளை மலிவாகக் கிடைக்கும். அரித்துப்போன பழையதை வைத்து மாரடிக்க வேண்டும் என்று யாமும் கூறவில்லை. ஆனால் கெட்ட பெற்றோலைத் தாங்கியிலேயே வைத்துக்கொண்டு புதியதை மாட்டினால் அதுவும் அடுத்த பருவத்தில் அடைபடும். நோய் அறியாமல் மருந்து மாற்றுவது போன்றது அது. இன்னொரு சாரார், மின்கலத்தில் இயங்கும் பனி இயந்திரமும் சூரிய ஒளியில் இயங்கும் நீர்ப் பம்பியும் வந்துவிட்டன, காபுரேற்றரே இன்னும் சில காலத்தில் மறைந்துவிடும் என்பர். அதனையும் மறுக்கமாட்டோம். மறையட்டும். அது உள்ள வரைக்கும், அது உள்ள வீடுகளில் உள்ளவர் அதனை அறிதல் வேண்டும் என்பதே எம் வாதம். மின்கலம் வந்த பின்பு மின்கலத்தை அறிக.

அறிந்தவர் இருந்தமையால் இந்நாடு பிழைத்த காலத்தை யாம் கண்டோம். 1990 தொடக்கம் 1995 வரை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவராய் இருந்த யாம் கண்டது இது: மருத்துவமனைக்குச் செல்லும் காரும், ஆசிரியரின் மோட்டார்ச் சைக்கிளும், தோட்டத்து இயந்திரமும் மண்ணெண்ணெயிலே ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. அதனால் மருந்துக் குழாய் ஒன்றிலே சில துளி பெற்றோலை எடுத்துக் காபுரேற்றருட் பீச்சி முதலில் இயக்குவர். எஞ்சின் சூடேறிய பின்பு மண்ணெண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். நிறுத்தும் இடம் தோறும் இதனைச் செய்தல் வேண்டும். கரி படிந்து அடிக்கடி அடைபடும். தெருவோரத்திலேயே கழற்றித் துடைப்பர். பேணூலியின் பெயரைக் கேட்டறியாதவர் பலர் அதனைச் செய்தனர். பட்டம் பெற்றோர் பலர் பக்கத்தில் நின்று பார்த்தனர்.

2022 இலும் இதன் ஒரு கூறு மீண்டு வந்தது. மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது; மின்மோட்டாரை நம்பிய தோட்டங்கள் வாடின. மூலையிற் கிடந்த பழைய மண்ணெண்ணெய் இயந்திரங்களை வெளியே இழுத்தோருக்கு மண்ணெண்ணெய் இல்லை. அவ்வாண்டு ஆகத்திலே லீற்றர் 87 ரூபாவாக இருந்த விலை 340 ரூபாவாயிற்று. அத்தகைய காலத்திலே அடைபட்ட ஜெற்றோடும் பொருந்தாத ஊசியோடும் இயந்திரத்தை ஓட்டுபவன் காசைப் புகையாக்குகின்றான். நிலத்தில் ஒழுகும் ஒவ்வொரு துளியும் வெங்காயத்தின் விலையிற் கழிகின்றது.

இனிப் பாடசாலைக்கு வருவாம். எமது கல்வித் திட்டத்திலே இதற்கு இடமில்லை என்று கூறமுடியாது. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் என்றொரு பாடம் உண்டு. 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பவியல் துறை தொடங்கப்பட்டது. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியிலும் தொழிற்கல்வி உண்டு. ஆனால் எம்மவர் இவற்றை எக்கண்ணால் நோக்குகின்றனர்? மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போக இயலாதவனுக்கு என்று ஒதுக்கிய பந்தியாகவே நோக்குகின்றனர். "கையிலை எண்ணெய் பிரளவோ பிள்ளையைப் படிப்பிச்சது?" என்று தந்தையர் எம்மிடம் கேட்டதுண்டு. கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கியமைக்குப் பின்னே எமது சமூகத்தின் பழைய நோய் ஒன்று இருக்கின்றது. அதனை இம்மலரில் விரித்தெழுதப் பலர் விரும்பார். இந்துக் கல்லூரி ஒன்றன் பிள்ளைகளாகிய நாம் அதனை முதலில் எழுதியிருத்தல் வேண்டும். காந்தியடிகள் 1927 இல் யாழ்ப்பாணம் வந்தபோது மாலையிட்டு வரவேற்றோம். அவர் 1937 இல் கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வித் திட்டம் ஒன்றை முன்வைத்தபோது அதனை நம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

நவராத்திரியிலே கல்லூரி மண்டபத்திற் கொலு வைக்கின்றோம். ஆயுத பூசை நாளிலே ஆய்வுகூடத்து நிறுவைத் தராசுக்கும், கல்லூரி வாகனத்துக்கும், கருவிப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் சாத்துகின்றோம். பொட்டு வைத்த ஸ்பனர் மறுநாள் பெட்டிக்குள்ளே போனால் மறு ஆண்டு வரை வெளியே வருவதில்லை. பூசை பெற்ற கருவியை எடுத்துத் தொழில் செய்தலன்றோ விசயதசமியின் பொருள்? ஏடு தொடக்கும் அன்று கையும் தொழில் தொடக்குதல் வேண்டும்.

தமிழாசிரியர் என்ற முறையிற் சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். காபுரேற்றருக்குத் தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்று எம்மிடம் வாதிடுவாரும், அதற்கெனக் கலப்பி என்றும் கலவையாக்கி என்றும் பெயர் சூட்டுவாரும் உளர். அவர் ஆர்வத்தை மதிக்கின்றோம். ஆயினும் சொல்லை நிலைநிறுத்துவது அகராதியன்று. அப்பொருளை நாள்தோறும் கையாளும் கை. எங்கள் தோட்டக்காரர் காபுரேற்றரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளுறுப்புக்கு மிதவை, ஊசி, கிண்ணம் என்று எவரும் கற்பியாமலே பெயரிட்டனர். முன்னர் துலா, பட்டை, சூத்திரம் என்று நீரிறைப்புக்குச் சொல் வைத்திருந்த அதே வாய்கள்தாம் அவை. பட்டதாரி கராச்சின் வாசலில் நின்று அவற்றைக் கேட்பாராயின் தமிழ்ப் பாடத்துக்கும் நன்மை உண்டு. மாணவர்க்கு, காபுரேற்றரைக் கழற்றும் முறையை இருபது வசனங்களில் விளக்குக என்று யாம் ஒருமுறை கட்டுரை கொடுத்தோம். வானுலகையும் நிலவையும் வருணிப்பவர் திணறினர். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்றிலேதான் ஒரு வினைச்சொல்லும் வீண்போகவில்லை.

யூபிலியை முன்னிட்டு நுழைவாயில் வளைவு எழுப்பப் பழைய மாணவர் சங்கத்தார் நிதி சேர்க்கின்றனர். வெளிநாட்டுக் கிளைகள் மனமுவந்து வழங்குகின்றன. வளைவு வேண்டாம் என்று யாம் கூறின் எம்மைப் பகைப்பர், கூறவும் மாட்டோம். அதன் உச்சியில் அமைக்க எண்ணியுள்ள மின்விளக்கு அலங்காரத்தை மட்டும் கைவிட்டு, அப்பணத்திலே விளையாட்டுத் திடலின் ஓரத்திலுள்ள பழைய களஞ்சிய அறையைத் திருத்தித் தருமாறு வேண்டுகின்றோம். வலிய மேசை ஒன்று, பிடிகுறடு ஒன்று, கழற்றிப் பூட்டுதற்கு ஓடாத எஞ்சின்கள் இரண்டு மூன்று, தீயணைக்கும் மணல் வாளி நான்கு, நல்ல வெளிச்சம், காற்றோட்டம். இவை போதும். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். எல்லா வகுப்பினரும் முறைவைத்து வருதல் வேண்டும். கணிதப் பிரிவினர் முதலில் வருக. ஊரிலுள்ள கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை ஆசிரியராக அழைத்து, ஏனைய ஆசிரியர்க்குரிய நாற்காலியையும் மரியாதையையும் அவருக்கு அளித்தல் வேண்டும். அவருக்குச் சான்றிதழ் இல்லையே என்று அதிபர் அஞ்சத் தேவையில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் உடன் நிற்பார். அப்பொறுப்பை யாம் ஏற்போம்.

கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் பழைய மாணவர் தங்கள் பிள்ளைகளையும் அம்மேசைக்கு அழைத்து வரலாம். அங்கே பனி இயந்திரம் இராது. நீரிறைக்கும் இயந்திரம் இருக்கும். காபுரேற்றருக்கு அவ்வேறுபாடு தெரியாது. எம்மோடு தொலைபேசியிற் பேசிய மாணவர் இரண்டு மணி நேரத்தின் பின்பு மீண்டும் அழைத்து, வாசலிற் பனி எறியும் ஒலியைக் கேட்கச் செய்தார். அவருடைய பன்னிரண்டு வயது மகளே ஜெற்றை வெளிச்சத்திற் பிடித்து அடைப்பைக் கண்டாளாம். எமது இரண்டாவது இயந்திரம் ஒன்று, உருளை தேய்ந்து ஓடாமல், மாட்டுக் கொட்டிலிற் கிடக்கின்றது. அதனையும் ஸ்பனர் கட்டு ஒன்றையும் யாம் தருவோம். மேசைக்குரிய பலகையைச் சங்கத்தார் தருக.